குழியடிச்சானுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

காலை ஏழரை மணிக்கு எழும்பூரில் இறங்கினேன். மானாமதுரையிலிருந்து வழியெல்லாம் மடியில் வைத்துக் காத்துவந்த இரண்டு மண்தொட்டிகளில் நெற்பயிர். ஒன்று எங்கள் வேலாங்குளத்துக் குழியடிச்சான். மற்றது, ஒப்பிட்டுக் காட்டுவதற்காகத் தஞ்சாவூர்ச் சிறுமணி. பதின்மூன்று நாளாக இரண்டுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை என்பீர்கள். அடையாற்றில் ஒரு பயிர் ஆராய்ச்சித் தோட்டம். நெல்லோடு நெல்லைக் கலந்து புது ரகம் எடுக்கிறார்கள். ஒரே ஒரு பாத்திதான் காலி, உங்கள் நெல் தாகம் தாங்குமானால் கொண்டுவந்து காட்டுங்கள் என்று கடிதம் வந்திருந்தது. யுத்தம் முடிந்தும் அரிசிக்கு வரிசையில் நிற்கிறோம். அந்தப் பாத்தியை விடுவதாயில்லை.

நான் தங்கவிருந்த சாந்தோமுக்கு நாலு மைல். ஜட்காக்காரர் ஒன்றேகால் ரூபாய் கேட்டு ஒரு ரூபாய்க்கு இறங்கிவந்தார். தொட்டிகளை எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா, பட்டணத்துல புல்லு இல்லேன்னு தூக்கிக்கினு வந்தியா? குதிரை அதையே பாத்துக்கினு கீது!”

“புல் இல்லை ஐயா, நெல்” என்றேன் விறைப்பாக. நெல்லும் புல்லினந்தான், ஆனால் அவரிடம் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

எனக்கு இடம் கொடுத்தவர் அருள்மேரி டீச்சர், எங்கள் தலைமையாசிரியரின் தங்கை. ஒன்பது மணிக்கு முகம் கழுவிவிட்டு வந்தேன். இரண்டு தொட்டிகளிலும் மண் கறுத்து, தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

“டீச்சர், என்ன செஞ்சீங்க!”

“வாடிப்போய்க் கெடந்துச்சுங்க சார். வீட்டுக்கு வந்தவங்களுக்கு முதல்ல தண்ணி குடுக்கணும்ல? உங்களுக்கு ஒரு சொம்பு, அதுங்களுக்கும் ஆளுக்கொரு சொம்பு.”

பதின்மூன்று நாள் தவம் ஒரு நிமிஷ உபசாரத்தில் போயிற்று. மாலையில் மயிலாப்பூர் வரை நடந்தேன். தெப்பக்குளத்துத் தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி. சிறுமணி படுத்தது படுத்தபடியே கிடந்தது. ஊசிபோல் சுருண்டிருந்த குழியடிச்சான் இலைகளோ அகல விரிந்திருந்தன. நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு புதுக் குருத்து. நான் வாய்விட்டுச் சிரித்ததில் டீச்சர் ஓடிவந்தார்.

அடையாற்றுக்குப் பஸ் இரண்டணா, மூன்று மைல். பாலம் தாண்டி இறங்கினேன். தோட்டத்தைக் கவனிக்கும் அம்மாளுக்கு முப்பது வயதுகூட இராது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

“ரெண்டுக்கும் ஒரே அளவு தண்ணியா?”

“ஆளுக்கு ஒரு சொம்பு அம்மா.”

அவர் குழியடிச்சான் தொட்டியை உடைத்து வேரைக் கழுவினார். தொட்டியின் அடியை இரண்டு சுற்று சுற்றியிருந்தது வேர்.

“வாடாம நிக்கற நெல்லு என்கிட்டயே நாலு இருக்கு சார். செத்தது மாதிரி கெடந்து எழுந்திருக்கறதைத்தான் தேடிண்டிருக்கேன். இலையைச் சுருட்டு, உயரம் போதும், வேரை ஆழமா விடுன்னு விதைக்குள்ள பரம்பரையா எழுதியிருக்கு. அந்த உத்தரவை எடுத்துண்டு போறது ஹார்மோன்ங்கற சாறு. வளர்ச்சிக்கு ஆக்ஸின்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கா. தாகத்துக்கு எதுன்னு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது.”

“எங்கள் நெல்லுக்குத் தெரியும்” என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

நான் கொண்டுபோன விதைப்பையை வாங்கிக்கொண்டு, காலிப் பாத்தியில் ஒரு மரப்பலகையை நட்டார். நெல்லின் பெயரை எழுதி, “ஊர்?” என்றார். தூரிகையை வாங்கி அதை நானே எழுதினேன்.

திரும்பும் வழியில் பாலத்தின்மேல் நின்றேன். கீழே கரை கொள்ளாத அடையாறு. எங்கள் கண்மாயில் இந்நேரம் ஆடு மேயும். வறட்டுச்சீமைக்காரன் என்று யாராவது சொன்னால் இதுவரை தலைகுனிந்திருக்கிறேன். இனிமேல் மாட்டேன். தபாலாபீஸ்கூட இல்லாத ஊர் எங்களுடையது. அதன் பெயர் அடையாற்றுப் பாத்தியில் என் கையெழுத்தில் நிற்கிறது: வேலாங்குளம்.