மிச்சமான சாமான்

காரமடைக்கு வெளியே, மெயின் ரோட்டோரம் சென்னிமலை என்பவருக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. தோட்டத்துக் கிணறுகளில் கருகிப்போகும் மோட்டார்கள் அவரிடம்தான் வரும். புதுச் செப்புக் கம்பியைச் சுற்றி மோட்டாரின் இரும்புக் காடிப் பள்ளங்களுக்குள் இறக்கும்போது கண் வாடிக்கையாளர் மேல் இருக்கும். வேலையை விரல்நுனிகள் பார்த்துக்கொள்ளும்.

சில வருடங்களுக்கு முன் மொபெட்டிலிருந்து விழுந்ததில் மண்ணீரல் கிழிந்துவிட்டது. கோவையில் அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா அவரையும் மனைவி மாரியாத்தாளையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"நிமோனியாக் கிருமி மேல சர்க்கரைப் பொருள்ல வழவழன்னு ஒரு உறை இருக்குங்க. வெள்ளணு புடிக்கப்போனா வழுக்கிட்டுப் போயிரும். அதையும் ரத்தத்துல இருந்து வடிகட்டிப் புடிக்கிறது மண்ணீரல்தான். உங்களுக்கு அது இல்லீங்க. ரெண்டு வாரங்கழிச்சு வந்து தடுப்பூசி போட்டுக்கோணும். போட்டா, உடம்பு அந்த உறையவே அடையாளங் கண்டுக்கும். அப்பவும் காய்ச்சல்னா உடனே வந்திரோணுமுங்க."

"சரிங்க" என்றார்கள் இருவரும்.

ரெண்டு வாரத்தில் மகள் அக்ஷயாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அது முடிந்ததும் கோடை. கடை வாசலில் மோட்டார்கள் குவிந்தன. ஊசி தள்ளிப்போய், பிறகு மறந்தே போனது.

உடம்பை விசாரிப்பவர்களிடம் சென்னிமலை சொல்வார்: "மோட்டாரப் பிரிச்சு மாட்டுனா ஒரு போல்ட்டாவது மிஞ்சுமுங்க. அதில்லாமயும் ஓடும். என்ற உடம்புலயும் ஒரு சாமான் மிச்சமாயிப்போச்சு."

"பழைய இரும்புக்குப் போட்டுட்டியாப்பா?" என்பார் பக்கத்து டீக்கடை வெள்ளியங்கிரி.

எல்லோரையும்விட அதிகம் சிரித்தது மாரியாத்தாள். விருந்தாளிகள் வந்தால், "அந்த போல்ட்டுக் கதையச் சொல்லுங்க" என்று அவளே எடுத்துக்கொடுப்பாள். இடையில் வந்த ஒன்றிரண்டு காய்ச்சலும் மிளகு ரசத்துக்கும் மாத்திரைக்கும் அடங்கிவிட்டன.

போன மார்கழியில் ஒருநாள் காலை அவருக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களா?"

"மத்தியானம் கவுண்டரு மோட்டார் எடுக்க வாராரு புள்ள. கட்டிக் குடுத்துப்போட்டு வாரேன்."

அவள் வற்புறுத்தவில்லை. ரசம் வைத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினாள். மதியத்துக்குள் கடையிலேயே சரிந்துவிட்டார். வெள்ளியங்கிரி காரில் போட்டுக் கொண்டுபோனபோது உதடு நீலம் பாரித்திருந்தது. கிருமி ரத்தமெங்கும் பெருகி, சின்னச் சின்ன நாளங்களில் ரத்தம் உறைந்துகொண்டிருந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கறுத்துப்போன விரல்நுனிகளைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு கையிலும் எடுக்க வேண்டியதாயிற்று.

"காலையிலயே ஏனுங்க கூட்டிட்டு வரல?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ரசம் வெச்சேனுங்க" என்றாள் மாரியாத்தாள்.

பாதி கட்டிய மோட்டாரைக் கவுண்டர் வேறு கடைக்கு எடுத்துப்போனார்.

உடம்பு தேறியதும் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ் புஜத்தில் போட்டுவிட்டு, "பஞ்சை அமுத்திப் புடிச்சுக்குங்கண்ணா" என்று திரும்பிக்கொண்டாள். பழக்கத்தில் அவருடைய மறு கை எழுந்தது. கட்டுப் போட்ட விரல்களுக்கிடையில் பஞ்சு நிற்காமல் தரையில் விழுந்தது.

மாரியாத்தாள் வேறு பஞ்சு வாங்கி அழுத்தினாள். ரத்தம் நின்ற பிறகும் எடுக்கவில்லை.

"உடு புள்ள" என்றார் சென்னிமலை. "வலிக்குது."