அண்டார்டிகாவில் இருந்த மடி

என் இடது காதுத் துளை, வலது காதுத் துளையைவிட ஒரு நெல்லளவு மேலே இருக்கும். கம்மல் போட்டால் தெரியும். யாராவது கேட்டால் அதற்கு அண்டார்டிகாதான் காரணம் என்று சொல்வேன். சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

எனக்குக் காது குத்தும் காரியம் தள்ளிக்கொண்டே போனது. மூன்று வயதில் தாத்தா இறந்தார். ஐந்து வயதில் எனக்கு அம்மை போட்டது. ஏழு வயதில் எல்லாம் கூடிவந்தபோது தாய்மாமன் அண்டார்டிகா போய்விட்டார். ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும், தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்த ஒரு தம்பிதான். வானிலை அலுவலகத்தில் இருந்தவரை ஒரு வருடம் பனியில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாசியில்தான் வருவார், அதற்குள் எனக்கு எட்டு ஆகிவிடும். ஒன்பது வயதுவரை வைத்திருந்தால் ஊர் சிரிக்கும் என்று அப்பா ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தைக் குறித்துவிட்டார்.

"காது குத்தக்கூட வராம அங்க இன்னாதான் பண்றான் உன் தம்பி?" என்று அம்மாவைக் கேட்காத உறவினர் இல்லை. போனில் கேட்டு மனப்பாடம் செய்ததை அம்மா ஒப்பிப்பாள். வாரத்துக்கு ஒரு பெரிய பலூன் விடுகிறான். வானத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது தூர்கிறதா, பெரிதாகிறதா என்று பலூனில் கட்டிய கருவி சொல்லும். பெரிதானால் வெயில் எல்லோர் தோலையும் கெடுத்துவிடும்.

"நம்ம வூட்டு ஓடு மூணு வருசமா ஒழுவுது. அத ஏறிப் பாக்க ஆளக் காணோம். வானத்து ஓட்டைய பாக்கப் போய்க்கிறான்" என்றார் அப்பா.

என் குழப்பம் வேறு. குத்தியதும் வேப்பங்குச்சி போடாவிட்டால் காது ஓட்டை தூர்ந்துவிடும் என்று அம்மா பயமுறுத்திக்கொண்டிருந்தாள். வானத்து ஓட்டை தூர வேண்டுமாம், என் காது ஓட்டை தூரக் கூடாதாம். எது நல்ல ஓட்டை, எது கெட்ட ஓட்டை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் குலதெய்வம் கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. வடக்கனந்தலிலிருந்து மினி லாரியில் போனோம். கள்ளக்குறிச்சியில் செல்போன் கடை வைத்திருந்த, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி என்னை மடியில் வைத்துக்கொள்வார், மாமா வீடியோ காலில் வருவார் என்று ஏற்பாடு. அண்டார்டிகாவில் டவர் இருந்தது. எங்கள் குலதெய்வத்திடம்தான் இல்லை. லாரி மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வந்தது. ஆகவே காது குத்தும் பத்தர், ஊசி, சந்தனக் கிண்ணம், தாம்பாளம், நான் எல்லோரும் லாரியில் ஏறினோம். கிடா மட்டும் கீழே நின்றது.

மாமா திரையில் வந்ததும் பெரியப்பா போனைப் பிடுங்கி, மழை எப்போது வரும், மல்லாட்டை விதைக்க வேண்டும் என்றார். அது தனக்குத் தெரியாது, தாங்கள் பார்ப்பது முப்பது வருடம் கழித்து உதவும் என்றார் மாமா.

"அப்ப முப்பது வருசம் கழிச்சே போயிருக்கலாமே?"

இதற்குள் என் வலது காது முடிந்திருந்தது. நான் அலறிய அலறலில் அம்மா போனை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். "பாப்பா, வலிச்சுதா? மாமாவப் பாரு" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். பார்த்தேன். நெஞ்சுவரை தாடி. தலையில் கம்பளிக் குல்லா. பின்னால் ஜன்னலில் கும்மிருட்டு. எங்கள் தலைமேல் பதினொரு மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. என் மாமாவுக்குத் தாடி கிடையாது. பட்டப்பகலில் இருட்டுக்குள் இருக்கிற ஆள் எப்படி என் மாமா ஆவார்?

"இது எங்க மாமா இல்ல! வேற யாரோ!" என்று கத்தித் தலையைத் திருப்பினேன். பத்தரின் ஊசி ஒரு நெல்லளவு மேலே இறங்கிவிட்டது.

லாரி குலுங்கும்படி எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், தாடி ஆடியது. பிறகு திரை கறுத்துப்போனது.

"டவர் பூடுச்சு" என்றார் செல்போன் கடைக்காரர். அதுவரை திட்டிக்கொண்டிருந்த அப்பா போனை வாங்கி, "மச்சான், சாப்டியா? மச்சான்!" என்று கறுப்புத் திரையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் என் காதைத் துடைத்தாள். அதே முனையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். காது குத்தியது எனக்கு, அவள் எதற்கு அழுகிறாள் என்று தெரியவில்லை. இரண்டு நிமிடம் கழித்து கடைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்து தன் மனைவிக்கு வீடியோ காலில் கோயிலைக் காட்டிக்கொண்டிருந்தார். அதுவும் எனக்குப் புரியவில்லை.

மாசியில் மாமா வந்தார். மழமழவென்று சவரம் செய்த முகம், கையில் முறைப்படி தங்கத் தோடு. காபிகூடக் குடிக்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "வா பாப்பா, மடியில உக்காரு" என்றார். காதுதான் குத்தியாயிற்றே, இனி எதற்கு மடி? பனியிலேயே இருந்து மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் உட்கார்ந்தேன். தோட்டை மாட்டிவிட்டு என் இடது காதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்ப நான் யாரு?"

"எங்க மாமா."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் ஆறுதலும் சொன்னேன். "அன்னிக்கு டவர் பூடுச்சு மாமா. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா கண்டுபுடிச்சிருப்பேன்."

மாமா தோட்டின் திருகைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"ஆமா பாப்பா" என்றார். "டவர்தான்."

நானும் ரொம்ப வருடம், டவர்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.