கோயிலுக்குப் போகாத வளையல்கள்

சொந்த அனுபவத்திலிருந்து ஏதாவது செய்துகொண்டு வா என்று காலேஜில், சிற்பத் துறையில் கடைசி வருஷம் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சொந்த அனுபவம் என்றால் இவர்களுக்குச் சோகம் வேண்டும். சிரித்துக்கொண்டே வளர்ந்தவன் என்ன செய்வான், பாவம். எனக்கு அந்தக் கவலை இல்லை. எங்கள் வீட்டில் சரக்குக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு மூட்டை பிளாஸ்டர் மாவோடு ஊருக்கு, ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தேன்.

என் அனுபவத்துக்கு ஒரே பெயர்தான்: வாய்தா. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா விவாகரத்துக் கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். போட்டவரும் அவர், வராதவரும் அவர். அவருடைய வக்கீல் எழுந்து ஏதோ சொல்வார், அடுத்த வாய்தா விழும், நாங்கள் பஸ் ஏறித் திரும்புவோம். ஒரு தடவை வழக்கு முடிந்தேவிட்டது, அம்மா பக்கம். அப்பா அப்பீல் போனார். அதே வளாகத்தில் வேறொரு கட்டிடத்து பெஞ்சில் உட்கார ஆரம்பித்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். போகட்டும் என்று கையெழுத்துப் போட்டுத் தலைமுழுகினால் என்ன என்று ஒரு காலத்தில் அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது கேட்கக்கூடத் தெம்பில்லை.

தெருவுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருந்தோம், அது பொய்யுமில்லை. நல்ல சேலை உடுத்திப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டாய் என்று யாராவது கேட்டால், அம்மா ஆண்டாள் கோயிலுக்கு என்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறுகிறவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? திரும்பும்போது சாட்சிக்கு பஸ் ஸ்டாண்டுக் கடையில் கொஞ்சம் பால்கோவா, ஒரு குங்குமப் பொட்டலம். இப்படியே அம்மாவுக்குத் தெருவில் பெரிய பக்தை என்று பேர் வந்துவிட்டது.

வினை அங்கேதான் தொடங்கியது. அடுத்த வீட்டு அத்தைக்கு ஒரு மகள். வருகிற ஜாதகமெல்லாம் தட்டிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு தடவையும் அத்தை கண்ணாடி வளையல் வாங்கி, நீ போகும்போது ஆண்டாளுக்குச் சாத்திவிட்டு வா என்று அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அம்மாவும் முகம் மாறாமல் வாங்கிக்கொள்வாள். அவை எங்களோடு கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே வீடு திரும்பும். வேலை முடிந்து வெளியே வரும்போது கோயிலில் மதிய நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் திறக்கும்வரை இருந்தால் அம்மாவுக்கு மில்லில் சாயங்காலமே தொடங்குகிற அரை நைட் ஷிப்ட் போய்விடும். இது எனக்குச் சொன்ன காரணம். நிஜக் காரணத்தை நான் வளர்ந்தபிறகு, வளையல்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்.

"கல்யாணம் கூடணும்னு கொடுத்துவிடுதா. வாழாவெட்டி கையால கொண்டுபோய் வச்சா அந்தப் புள்ளைக்கு வெளங்குமாட்டி?"

தூக்கியெறியவும் மனசில்லை, நேர்ந்த பொருள். டின் நிறைந்தது. அத்தை மகளுக்கு ஒருவழியாகக் கல்யாணமும் நடந்தது. ஆண்டாள் கண் திறந்துவிட்டாள் என்று அத்தை அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாள். அம்மா அதை உடுத்தவே இல்லை.

நான் செய்ய நினைத்தது அம்மாவின் மடியை. பெஞ்சில் உட்கார்ந்த மடி மட்டும், முகம் கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியைப் பிளாஸ்டரில் நனைத்து, பழைய சேலை சுற்றிய அம்மாவின் தொடையிலும் முட்டியிலும் அடுக்கடுக்காக ஒட்டினேன். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். முட்டி வலிக்கு இதமாக இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள், கோர்ட்டில் தூங்குகிற மாதிரியே. ஷிப்ட் முடிந்து வந்து ஒரு வாய் சோறுகூடத் தின்னாதவள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மடியில் மில் கழிவுப் பஞ்சை நிரப்பி, அந்த வளையல்களைப் பிளாஸ்டரோடு பதிக்கட்டுமா என்று கேட்டேன். அம்மா டின்னை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பிறகு, பதித்துக்கொள், ஆனால் இந்தத் தெருவில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது என்றாள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த மானம் உன் மார்க்குக்காகப் போய்விடக் கூடாது என்றும் சொன்னாள். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

பண்ணிவிட்டு, ஈரம் காயவில்லையே என்று மடியைத் தூக்கி வாசல் வெயிலில் வைத்தேன். படித்த புத்தி! அத்தை ஒவ்வொரு சோடி வளையலையும் மஞ்சள் துணிக் கிழிசலால் முடிந்து கொடுத்திருந்தாள். வெள்ளைக்கு மஞ்சள் நன்றாக எடுக்கிறதென்று அந்த முடிச்சுகளைக்கூட நான் அவிழ்க்கவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த அத்தை நின்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது நான் போட்ட முடிச்சுல்ல?"

நானாக இருந்தால் ஏதாவது உளறிச் சமாளித்திருப்பேன். அதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கோயிலுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை, போனதெல்லாம் கோர்ட்டுக்கு, அந்த மனுஷன் என்னை வேண்டாமென்று வழக்குப் போட்டிருக்கிறார், குங்குமம் கடையில் வாங்கியது. சொல்லிவிட்டு, ஏச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றாள்.

அத்தை ஏசவில்லை. எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மகள் வந்து இரண்டு மாதமாகிறது, உடம்புக்கு முடியாமல் மருந்து சாப்பிட வந்திருக்கிறாள் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன், மருந்துமில்லை மாயமுமில்லை, மாப்பிள்ளை கோர்ட்டுக்குப் போய்விட்டான் என்றாள்.

அம்மா பதறிப்போனாள். தான் வளையலை வைக்காததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று அழுதாள்.

"கூறுகெட்டதனமாப் பேசாத மதினி. நீ வச்சிருந்தா மட்டும் அவன் குடிக்காம இருந்திருப்பானா?" அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்க எம்புட்டு நேரம் உக்கார வைப்பாவ?"

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே பதில் சொன்னாள். சோறு கட்டிக்கொண்டுதான் போக வேண்டும், பெயர் கூப்பிடுகிற நேரத்தில் அப்படி இப்படி நகரக் கூடாது, அடுத்த வாய்தாவுக்கு நீயும் பிள்ளையும் என்னோடு வந்து இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் நின்றுபோனதைக்கூடக் கவனிக்கவில்லை.

எழுந்து போகும்போது அத்தை வளையல்களைக் கேட்டாள். இந்த வாரம் காலேஜில் வைத்தாக வேண்டும் அத்தை, நாள்கணக்கில் செய்தது என்று நான் கெஞ்சினேன். வேறு வளையல் வாங்கித் தருகிறேன், இது நேர்ந்தது என்று சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"ஒங்கையாலயே வையி மதினி."

அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

உளியும் சின்னச் சுத்தியுமாக நாள் முழுக்கப் பிளாஸ்டரைக் கொத்தினேன். பாதி வளையல் நொறுங்கிப்போயிற்று. மடியெல்லாம் குழி. அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. மிஞ்சியதைக் கழுவித் துடைத்து அம்மாவிடம் கொடுத்தேன். குழிகளை அடைக்கலாம், மாவு இருந்தது. அடைக்காமலே சாக்குச் சுற்றி, காலேஜுக்குக் கொண்டுபோகும் வேனுக்குத் தயாராக வைத்தேன்.

வாய்தா அன்று, நடை திறந்திருக்கும்போதே கோயிலுக்குப் போய்விட வேண்டுமென்று மூன்று பேரும் விடிந்ததும் கிளம்பினார்கள். அம்மா அத்தை கொடுத்த சேலையை உடுத்தியிருந்தாள். மடிப்புக் கலையாத புதுச் சேலை. அத்தை மகள் தலை நிமிராமல் பின்னால் நடந்தாள். எதிர்வீட்டுக்காரி கோலப்பொடியும் கையுமாக, என்ன காலையிலேயே எல்லோரும் கோயிலுக்கா என்று கேட்டாள். அந்தப் பிள்ளை சட்டென்று நின்றுவிட்டது. அம்மா வளையல் பையை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"ஆமா, கோயிலுக்கு. பொறவு எனக்குக் கோர்ட்டுல வாய்தா. எம்புருஷன் என்னைய வேண்டாங்காரு. இவிய எனக்குத் தொணைக்கு வாராவ."