சீட் கம்பியில் ஒரு சாந்துக் கோடு

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூரில் குடியிருந்தோம். என் மனைவியின் தம்பி எங்களோடு தங்கி, டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துவந்தான். சொந்த ஊர் ஏலாக்குறிச்சிப் பக்கம். எங்கள் வீட்டில் இடமில்லையென்றால் அவனுக்கு அந்த வேலையும் இல்லை. அது தெரிந்தேதான் இத்தனையும் செய்தேன்.

ஆயுத பூசை கழிந்ததிலிருந்து என் சைக்கிள் சீட் தினமும் இறங்கிப்போனது. நான் நெட்டை, மச்சினன் குள்ளம். சாயங்காலம் ஏற்றி வைப்பேன். மறுநாள் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். எனக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறான் என்று முடிவுகட்டினேன். மனைவியின் சாந்துப் பொட்டை எடுத்து, சீட் கம்பி பைப்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு கோடு போட்டேன். மறுநாள் ஆபீஸ் வாசலில் குனிந்து பார்த்தால் கோட்டைக் காணோம், உள்ளே போய்விட்டது. ஆள் அகப்பட்டான் என்று அற்ப சந்தோஷம் வேறு. வீட்டிலிருந்து கிளம்பும்போதே பார்த்திருக்க வேண்டும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

"மாப்ள, வண்டிய எடுத்தியா?"

"இல்லைங்க மாமா."

"பொய் சொல்லாதடா."

"அவன் எடுக்கலங்க, எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"உனக்கு எப்படித் தெரியும்? தம்பிக்கு வக்காலத்தா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் கூட்டு என்று எனக்கு இன்னும் ஏறிவிட்டது. ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, சீட் போல்ட்டை மூச்சைப் பிடித்து முறுக்கினேன். "இனிமே எந்தத் திருட்டுப்பய இறக்குறான்னு பாத்துருவோம்" என்று அவன் காதுபடச் சொன்னேன். மறுநாள் காலை அவன் பையோடு ஊருக்குப் போய்விட்டான்.

அவன் போன பிறகும் சீட் இறங்கியது.

அப்போதாவது புத்தி வந்ததா? பக்கத்து வீட்டுக்காரர்மேல் சந்தேகப்பட்டு இன்னும் முறுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். கம்பியைக் கவ்வும் பிடியில், போல்ட் நுழையும் ஒரு காது உடைந்துபோனது.

சைக்கிள் கடைக்காரர் கம்பியை உருவி, விரலால் தேய்த்து மோந்து பார்த்தார்.

"இதுல எண்ணெய் தடவுனது யாரு சார்?"

ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவியபோது, துரு ஏறக் கூடாதென்று நான்தான் கம்பியை உருவித் தேங்காய் எண்ணெய் பூசினேன்.

"காய்ஞ்ச கம்பின்னா அளவா இறுக்குனாலே நிக்குமுங்க. எண்ணெயப் பூசிட்டு முறுக்குனா காதுதான் உடையும்" என்று கம்பியை மண்ணெண்ணெயில் துடைத்து, செங்கல் பொடி போட்டுத் தேய்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போய் பஸ் மாறி மச்சினன் வீட்டுக்குப் போனேன். எண்ணெய்க் கதையைச் சொன்னேன். "வாப்பா. இனிமே அந்த சைக்கிள நீயே வச்சுக்க. கடைக்கு அதுலயே போ" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க மாமா. வெக்கமா இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதன்னு அக்காகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."

"அடப்பாவி, இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"இல்லைன்னு சொன்னேனே மாமா. அது பத்தலையே உங்களுக்கு."

எவ்வளவு கூப்பிட்டும் அவன் வரவில்லை. ஜவுளிக்கடையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் நான் ஊர் திரும்பி எங்கள் தெருமுனை திரும்பியபோது வாசலில் நின்றிருந்த மனைவி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.