நேராக உட்கார்ந்த கதை

பிள்ளைகளே, எனக்குப் புரை எடுத்தபோது கருவிழியின் வளைவுக் குறையையும் சேர்த்துச் சரிசெய்யும் லென்ஸ் வைத்தார்கள். அது சற்றே திரும்பினாலும் பார்வை மங்கலாகவே இருந்துவிடுமாம். படுத்தால் விழி சுழலும் என்பதால், உட்காரவைத்தே விழியில் மையால் குறியிட ஒரு நர்ஸம்மா வந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தவர், தச்சரைப் போல ஒரு கண்ணை மூடித்தான் எதையும் பார்த்தார்.

"தலைய நேரா வைங்கய்யா."

"நேராத்தான்மா வெச்சுக்கினு இருக்கேன். வேணும்னா நாமத்தைப் பாரும்மா."

"பாத்துட்டேன்யா. அதுவே இடது பக்கம் சாயுது. அதை நம்பிக் குறி வெச்சா லென்ஸும் சாஞ்சுடும்."

தினமும் கண்ணாடி பார்த்து நானே இட்டுக்கொண்ட நாமம். அவர் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்திக் குறி வைத்தார். எப்படிச் சிரிக்காமல் இருந்தாரோ, இன்றும் எனக்குப் புரியவில்லை.

கட்டு அவிழ்த்த மறுநாள், நீங்கள் காலேஜுக்குப் போனபின், கூடத்தில் நான் மாட்டியிருந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தேன்.