பிரிஞ்சாங் மேட்டில் ஒரு கார் சோதனை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு கோலாலம்பூரை அடுத்த ஷா ஆலமிலிருந்து கேமரன் மலைக்குக் கிளம்பினேன். சுற்றிப் பார்க்க அல்ல. என் அக்கா ஸ்டெல்லா பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். அத்தான் அந்தோணிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டதால், வாரம் மூன்று நாள் கீழே தானா ராத்தா டவுனில் டயாலிசிஸ். அவர்களுடைய பழைய கார் ஓடாமல் நின்றுபோனது. வாங்க நினைத்த சின்னக் காரைப் பற்றி இரண்டு வீடியோக்களைப் பார்த்துக் குழம்பிப்போய் அக்கா எனக்குப் போன் செய்திருந்தாள்.

"ஒருத்தன் பத்தரை செகண்ட்ல நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுதுங்கிறான். இன்னொருத்தன் பதிமூணுங்கிறான். யாருடா பொய் சொல்றது?"

கார் விமர்சனம் எழுதுவது என் தொழில். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்றேன். முதல் ஆள் குளிர் நாட்டுக்காரர். சமதளப் பாதையில் தனியாக ஓட்டியிருக்கிறார், கார் ஓரடி நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தைத் தொடங்கியிருக்கிறார். அடுத்தவர் கோலாலம்பூர் மதிய வெயிலில், பக்கத்தில் படம் பிடிப்பவரை உட்காரவைத்து, ஏர்கான் போட்டு ஓட்டியவர். போதாததற்கு, பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு கியரும் டயரும் மாறும்.

"சரிடா, எங்க மேட்டுல எத்தனை?"

அதை அங்கே ஓட்டித்தான் பார்க்க வேண்டும். நண்பரிடம் அதே கார் இருந்தது. இரவல் வாங்கிக்கொண்டேன்.

சிம்பாங் பூலாயில் பெட்ரோல் போட்டு மலையேறினேன். கோலா தெர்லாவில் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததில் நேரம் போனது. திரிங்காப் தாண்டியும் கார் சிணுங்கவில்லை. பத்தரைக்குத் தோட்டத்தை அடைந்ததும், "தாராளமா வாங்கலாம்க்கா" என்றேன். தனியாக ஓட்டி வந்தவனின் தீர்ப்பு அது.

அன்று அத்தானுக்கு டயாலிசிஸ் நாள். தோட்டத் தொழிலாளர் லைனில் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் எப்போதும் டவுனுக்குக் கூட வருவார்களாம். ஐந்து பேரும் இறங்கிப் போனோம், சிரமமில்லை. திரும்பும்போது தூறல். தோட்டத்து ஒற்றைச் சாலை வளைவில் ஒரு சுற்றுலா வேன் எதிரே வர, ஓரங்கட்டி நிறுத்தினேன். வேன் போனபின் ஆக்சிலேட்டரை மிதித்தேன். என்ஜின் கத்தியது, கார் அசையவில்லை. பிறகு மெல்லப் பின்னால் நழுவியது. பிரேக்கை அழுத்தி நிறுத்தியபோது பின்சக்கரம் வாய்க்கால் விளிம்பில் இருந்தது.

டயாலிசிஸ் முடிந்து கண் மூடிக் கிடந்த அத்தான் கதவில் கை வைத்தார். "நான் இறங்கிக்கிறேன் மச்சான்."

"நீங்க பேசாம உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கினாள். மற்ற இருவரும் இறங்கினார்கள். கார் ஏறியது. கண்ணாடியில் மூன்று பேரும் நனைந்தபடி நடந்து வருவது தெரிந்தது. அத்தானும் அதைப் பார்த்தார்.

"இந்தக் காடி எனக்கு மட்டும் போதும்லா. வீட்டுக்குப் பத்தாது" என்றார்.

அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத என்ஜின் தன் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த இழப்பு யாரைக் காரிலிருந்து இறக்கிவிடும் என்று எந்தச் சோதனையிலும் பார்த்ததில்லை.

மறுநாள் பிரிஞ்சாங்கில் ஒரு பழைய டர்போ காரைப் பார்த்தோம். சீட் கிழிந்திருந்தது. ஐவரும் ஏறி, அதே வளைவில் நிறுத்தி, மறுபடி எடுத்தோம். ஏறியது. அத்தான் இன்னொரு முறை நிறுத்தச் சொன்னார். அப்போதும் ஏறியது. அதையே வாங்கினார்கள்.

மலையில் கார் வாங்குபவர்களுக்கு: விமர்சனத்தில் விநாடியைப் பார்க்குமுன் ஊர், வெயில், ஆள் கணக்கு, அளந்த விதம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே ஆள் ஒரே சாலையில் ஓட்டிய இரண்டு கார்களை மட்டும் ஒப்பிடுங்கள். பிறகு உங்கள் வீட்டார் அத்தனை பேரையும் ஏற்றி, உங்கள் மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

நேற்று அக்கா செய்தி அனுப்பியிருந்தாள்: "இன்னிக்கு நல்ல மழை. எல்லாரும் உக்காந்தே வந்தோம்."