மைனஸ் ஒன்று

தொண்ணூறுகளின் நடுவில், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்குப் பாளையங்கோட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் கிடைத்த வேலை, தப்புத் தப்பாகக் கேட்பது. நெல் மில்களின் எடை மெஷினுக்கு அங்கே சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதியிருந்தார்கள். எந்த நிரல் கோக்குமாக்காக எதைக் கேட்டாலும், இயங்குதளம் பிழை எண்ணைத் திருப்பித் தந்துவிட்டு நிற்காமல் ஓட வேண்டும். அப்படி ஓடுகிறதா என்று சோதிப்பது, வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் எனக்கு ஏற்ற வேலைதான்.

ஒரு மெஷின் மறுநாள் சேரன்மகாதேவி மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னேன், மறுத்தது. ஒரு தடவைக்கு வரம்பான ஐந்நூறு எழுத்துக்கு மேல் படிக்கச் சொன்னேன், அதையும் மறுத்தது. இயங்குதளத்தை எழுதிய இன்ஜினியர் அண்ணாச்சி பெட்டி கட்டக் கயிறு எடுத்துவிட்டார்.

“அண்ணாச்சி, மைனஸ் ஒரு எழுத்து படின்னு கேட்டா?”

“எந்தக் கிறுக்கன்லே அப்படிக் கேப்பான்?”

“நான் கேக்கேன்.”

கேட்டேன். ஐந்நூறைவிடச் சிறியதுதானே என்று மைனஸ் ஒன்றை உள்ளே விட்டது. உள்ளே போனதும் மைனஸ் குறி புரியாமல் அதையே மாபெரும் எண்ணாக எடுத்துக்கொண்டு, நினைவகம் முழுவதும் எழுதித் தள்ளியது; திரை உறைந்து நின்றது.

அண்ணாச்சி உட்கார்ந்து ஒரே ஒரு வரி சேர்த்தார்: பூஜ்ஜியத்துக்குக் கீழே என்றால் மறு. மறுபடி கேட்டேன். பிழை எண் வந்தது, மெஷின் ஓடியது!

“வேற எதுவும் பயம் இருக்காலே?”

“ஏழெட்டு இருக்கு அண்ணாச்சி.”

“ஒண்ணு விடாம கேளு.” கயிற்றை மூலையில் வீசினார்.

சாயங்காலத்துக்குள் அத்தனையையும் மறுத்துவிட்டு மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன், சிரித்துக்கொண்டே.